பிளாஸ்டிக் துகளும் மாற்று மணலும் சேர்ந்த கான்கிரீட்: கலவை சொன்னபடி கேட்காதபோது எங்கே பார்ப்பது

மணலில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் துகள் சேர்த்த கான்கிரீட், கலக்கும்போதே இளக்கம் இல்லாமல் இறுகிப்போனால் எல்லோரும் முதலில் பிளாஸ்டிக்கைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் குடிப்பதில்லை. அதோடு கூடவே ஆற்று மணலுக்குப் பதிலாக உள்ளே வந்த எம் சாண்டோ (பாறையை உடைத்துச் செய்த மணல்), உடைத்த பழைய கான்கிரீட் தூளோ, வார்ப்பு ஆலை மணலோதான் குடிக்கிறது. இரண்டு மாற்றத்தையும் ஒரே கலவையில் செய்துவிட்டால் எது எதைக் கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. கடைசியில் யாராவது ஹோஸை எடுத்துத் தண்ணீர் விட்டு ஸ்லம்பை, அதாவது கூம்பைத் தூக்கியதும் கலவை இறங்கும் அளவை, கொண்டுவந்துவிடுவார்கள். பிளாஸ்டிக் சேர்ந்ததாலேயே வலிமை கொஞ்சம் குறைந்த கலவை இது. அதன் தலையில் கூடுதல் தண்ணீரையும் ஏற்ற இடமே இல்லை.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை இரண்டு சிறு கலவை போடுவது. ஒன்றில் மாற்று மணல் மட்டும், பிளாஸ்டிக் கிடையாது. இன்னொன்றில் நல்ல ஆற்று மணலோடு பிளாஸ்டிக். சிமெண்ட், தண்ணீர், ஜல்லி இரண்டிலும் அதே அளவு. இரண்டுக்கும் ஸ்லம்ப் எடுத்துப் பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பது அப்போதே பாதி தெரிந்துவிடும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு கலவைதான் அடிப்படை.

ஸ்லம்ப் எடுப்பதையும் சரியாகச் செய்ய வேண்டும். 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பு, மூன்று அடுக்கு, 16 மில்லிமீட்டர் கம்பியால் ஒவ்வோர் அடுக்குக்கும் 25 குத்து. பிளாஸ்டிக் செதில் உள்ள கலவையில் மேல் அடுக்கைக் குத்தும்போது செதில்கள் கம்பியோடு சேர்ந்து மேலே வரப் பார்க்கும். அவற்றைக் கையால் வழித்து எறியாமல் உள்ளேயே அழுத்தி மட்டம் செய்யுங்கள். எறிந்தால் நீங்கள் அளப்பது வேறு ஒரு கலவையை.

மிக்ஸரிலிருந்து வரும்போதே வறண்டு, கரகரவென்று இருக்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார். காரணமும் ஒன்றல்ல.

முதலில் பிளாஸ்டிக்கை எப்படி அளந்தீர்கள் என்று பாருங்கள். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் மணலின் அடர்த்தி ஏறக்குறைய 2.65. பெட் பாட்டில் பிளாஸ்டிக் 1.38. பாலிப்ரொப்பிலீன் 0.9, அதாவது தண்ணீரிலேயே மிதக்கும். ஒரு கன மீட்டர் கலவையில் 750 கிலோ மணல் இருக்கிறது, அதில் 10 சதவீதத்தை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ மணலை எடுத்தால் காலியாகும் இடம் 28 லிட்டர். அந்த இடத்தை நிரப்ப பெட் என்றால் 39 கிலோ போதும், பாலிப்ரொப்பிலீன் என்றால் 25 கிலோ சொச்சம். ஆனால் எடைக்கு எடை என்று 75 கிலோ பாலிப்ரொப்பிலீனைக் கொட்டினால் அது 83 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். 55 லிட்டர் கூடுதல். அத்தனை துகளின் மேலும் பூசுவதற்குச் சிமெண்ட் பசை அதே அளவுதான் இருக்கிறது. கலவை வறளாமல் என்ன செய்யும்? மொத்தக் கன அளவும் கூடிவிடுவதால், கன மீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட் என்று நீங்கள் நம்பியது நிஜத்தில் 332 கிலோதான். எடைக்கு எடை மாற்றியிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். கன அளவுக்குக் கன அளவு என்று திருத்திவிட்டு மறுபடி போடுங்கள்.

அளவு சரி என்றால் அடுத்தது வடிவம். உருக்கி மணியாக்கிய உருண்டைத் துகள் கலவையை இளக்கவே செய்யும். பாட்டிலை அரைத்து வந்த செதில் நேர் எதிர். தட்டையாக, ஓரம் கூராக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நகர மறுக்கும். ஒரு பிடியை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். நீளம் தடிமனைப் போலப் பல மடங்கு இருக்கும் செதில்களே கண்ணில் பட்டால், 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துப் பெரியதை மறுபடி அரைக்கக் கொடுங்கள். அதற்கு வழி இல்லையென்றால் மாற்றும் சதவீதத்தைக் குறையுங்கள். செதிலை வைத்துக்கொண்டு 10 சதவீதத்துக்கு மேல் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மூன்றாவது காரணம் பலர் கவனிக்காதது: துகள் அளவுகளின் வரிசை. எம் சாண்டில் பெரும்பாலும் 2.36 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமனான துகள்கள் நிறைய இருக்கும், அடியில் மாவும் நிறைய இருக்கும். நடுவில் 300 முதல் 600 மைக்ரான் வரையிலான பகுதி மெலிந்திருக்கும். அரைத்த பிளாஸ்டிக்கும் பொதுவாக 2 முதல் 5 மில்லிமீட்டர்தான். மணலில் ஒட்டுமொத்தமாக 10 சதவீதத்தை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கைப் போட்டால், ஏற்கெனவே மெலிந்த நடுப்பகுதியை இன்னும் குறைத்து, நிறைந்திருக்கும் பருமனான துகள்களை இன்னும் கூட்டுகிறீர்கள். கரணையால் இழுக்கும்போது வரும் கரகரப்பு அங்கிருந்து வருவது. இதற்குத் தண்ணீர் மருந்தே இல்லை. தண்ணீர் விட்டால் பசை நீர்த்துப்போய்க் கீழே வழியும், பருமனான துகள்கள் அப்படியே மேலே நிற்கும். சரியான மருந்து, எம் சாண்டைச் சலித்து அதன் பரும்பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைப் போடுவது. அல்லது மணலில் ஒரு பங்கு நைஸ் மணல் கலப்பது. பாலைவனக் காற்று மணல் தனியாகக் கான்கிரீட்டுக்கு உதவாத அளவுக்கு நைஸ், ஆனால் இந்த ஓட்டையை அடைக்க அது நன்றாகவே பயன்படும். கடல் மணலை மட்டும் இதற்குத் தொடாதீர்கள். கழுவாத கடல் மணலின் குளோரைடு கம்பியை அரித்துவிடும்.

சிமெண்டில் ஒரு பகுதியாக ஃபிளை ஆஷ் (அனல் மின் நிலையத்தின் நுண்ணிய பறக்கும் சாம்பல்) சேர்ப்பதும் உதவும். அதன் துகள் உருண்டையானது, பசையின் கன அளவையும் கூட்டும். தொடக்க நாட்களில் வலிமை மெதுவாக ஏறும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வறட்சி போகவில்லை, மாற்று மணல் மட்டும் போட்ட சிறு கலவையும் வறண்டே இருக்கிறது என்றால் மணல் குடிக்கிறது என்று பொருள். உலர்ந்த எம் சாண்ட் தன் எடையில் 3 சதவீதம் தண்ணீரை உறிஞ்சும், குவியலில் இருக்கும் ஈரம் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 750 கிலோவுக்கு 15 லிட்டர் தண்ணீர் காணாமல் போகிறது. கன மீட்டருக்கு 5 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் ஸ்லம்ப் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 75 மில்லிமீட்டர் ஸ்லம்பை மணலே விழுங்கிவிட்டது.

இந்த 15 லிட்டரைக் கூடுதலாகச் சேர்ப்பது தப்பல்ல, ஏனென்றால் அது சிமெண்டுக்குப் போகாது, மணலின் துளைக்குள் உட்காரும். தப்பு எங்கே என்றால், உறிஞ்சுதலையும் ஈரத்தையும் அளக்காமல் கண் அளவில் ஊற்றுவதில். 500 கிராம் மணலை எடைபோட்டு, அடுப்பில் வாணலியில் வறுத்து, மறுபடி எடைபோட்டால் ஈரம் தெரிந்துவிடும். உறிஞ்சுதலை ஒருமுறை ஆய்வகத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மணல் வரும் இடம் மாறினால் மறுபடியும் பாருங்கள். அதைவிட நல்லது, முந்தின நாள் மாலையே குவியலில் தண்ணீர் தெளித்து, புரட்டிவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது. காலையில் மணல் தன் பங்கைக் குடித்து முடித்திருக்கும். மேலே மட்டும் நனைந்து உள்ளே உலர்ந்திருந்தால் பயனில்லை, புரட்டுவதுதான் முக்கியம்.

கூம்பைத் தூக்கினால் அப்படியே நிற்கிறது, வைப்ரேட்டர் வைத்தால் நன்றாக ஓடுகிறது

இது கோளாறே இல்லாமல் இருக்கலாம். ஸ்லம்ப் என்பது கான்கிரீட் தன் சொந்த எடையால் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான். எடை குறைந்த கலவை, இளக்கம் அதேதான் என்றாலும், குறைவாகவே இறங்கும். செதில்களும் உள்ளே ஒன்றையொன்று கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அசைத்தவுடன் அந்தப் பிடி விட்டுப்போகும். அதனால் சாதாரணக் கான்கிரீட்டுக்கு வைத்த ஸ்லம்ப் இலக்கை இதற்கும் வைத்துத் தண்ணீர் சேர்த்தால் தேவையில்லாமல் கெடுக்கிறீர்கள்.

கூம்பை எடுத்தபின் அடித்தட்டின் ஓரத்தைக் கம்பியால் மெதுவாகத் தட்டுங்கள். குவியல் ஒரே சீராகப் பரவி உட்கார்ந்தால் கலவை நன்றாகவே இருக்கிறது. ஒரு பக்கம் வெட்டி நழுவினாலோ உதிர்ந்தாலோ பசை போதவில்லை என்று அர்த்தம், முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள். வசதி இருந்தால் வீ-பீ கருவியில், அதாவது அதிர்வில் கலவை பரவி உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று காட்டும் கருவியில், நேரம் எடுத்துப் பார்ப்பது இன்னும் தெளிவு. எப்படி நிரப்பப்போகிறீர்களோ அப்படியே சோதிப்பதுதான் இந்தக் கலவைக்கு நியாயம்.

முதலில் நன்றாக இருந்தது, சிறிது நேரத்தில் செத்துவிட்டது

பிளாஸ்டிக்கை விட்டுவிடுங்கள். அது நேரம் போகப் போகத் தண்ணீர் குடிக்காது. பார்க்க வேண்டியவை மணலும், கலவையை இளக்கச் சேர்க்கும் ரசாயனமான அட்மிக்சரும்.

உடைத்த பழைய கான்கிரீட்டின் தூள், அனல் மின் நிலையத்தின் அடிச் சாம்பல் இவை துளை நிறைந்தவை. மிக்ஸரில் இருக்கும் சில நிமிடங்களில் முழுதாகக் குடித்து முடிக்காது, வண்டியில் போகும் வழியெல்லாம் குடித்துக்கொண்டே இருக்கும். முன்கூட்டியே நனைப்பதுதான் இதற்கு ஒரே தீர்வு. வார்ப்பு ஆலை மணலில் பெரும்பாலும் பென்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும் கலந்திருக்கும். களிமண் வீங்கி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதை மணலில் 10, 15 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எம் சாண்டில் சிக்கல் அதன் மாவில். பாறை மாவும் களிமண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், நடத்தை வேறு. பாறை மாவு அளவோடு இருந்தால் கலவைக்கு நல்லதே, தண்ணீர் மேலே வராமல் பிடித்துக்கொள்ளும். களிமண் கெடுதல். அதிலும் அட்மிக்சர் பாலிகார்பாக்சிலேட் வகை என்றால் களிமண் தன் அடுக்குகளுக்கு இடையில் அதை இழுத்து வைத்துக்கொள்ளும், சிமெண்டுக்கு மிஞ்சாது. ஒரே அளவு அட்மிக்சர் போட்டும் ஒரு லோடு மணலில் வேலை செய்து அடுத்த லோடில் செய்யாமல் போவது இதனால்தான்.

வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு சோதனை: கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வையுங்கள். மேலே படியும் மென்படலத்தை விரலால் எடுத்துத் தேயுங்கள். நறநறவென்று உதிர்ந்தால் பாறை மாவு. வழவழவென்று ஒட்டி, காய்ந்ததும் விரலில் ஓடு மாதிரி இறுகினால் களிமண். சந்தேகம் தீர வேண்டுமானால் ஆய்வகத்தில் மெத்திலீன் புளூ சோதனை கேளுங்கள். களிமண் உறுதியானால் மணலைக் கழுவி வாங்குங்கள். அது நடக்காத இடத்தில் நாப்தலீன் வகை அட்மிக்சருக்கு மாறிப் பார்க்கலாம், களிமண் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அட்மிக்சரில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, கொட்டுவதற்கு முன் சேர்த்துச் சுழற்றுவதும் கைகொடுக்கும்.

பிளாஸ்டிக் மேலே மிதக்கிறது, தண்ணீரும் மேலே நிற்கிறது

இது அபாயமான அறிகுறி. கீழே ஒரு கான்கிரீட், மேலே ஒரு கான்கிரீட் என்று ஆகிவிடும்.

பாலிப்ரொப்பிலீன், பாலித்தீன் வகைகள் தண்ணீரைவிட லேசானவை. பசை கெட்டியாக இருக்கும்வரைதான் அவை இருந்த இடத்தில் இருக்கும். பசை நீர்த்துவிட்டால், அல்லது வைப்ரேட்டரை அதிக நேரம் வைத்தால், ஜல்லி கீழே போகும், செதில் மேலே வரும். தாமிரம் உருக்கும்போது மிஞ்சும் தாமிரக் கசடு மணலாக இருந்தால் இது இன்னும் மோசம். அதன் அடர்த்தி 3.5 அளவுக்குப் போகும், மேற்பரப்பு கண்ணாடி போல வழவழப்பு, தண்ணீர் குடிப்பதே இல்லை. அதனால் ஸ்லம்ப் தாராளமாக வரும், எல்லோருக்கும் சந்தோஷமாகவும் இருக்கும். மணலில் பாதிக்கு மேல் தாமிரக் கசடு போனால் தண்ணீர் மேலே ஊறிவருவதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் 3.5, இன்னொரு பக்கம் 0.9 என்று இருக்கும் இரண்டு பொருளை ஓடுகிற கலவைக்குள் ஒன்றாக வைக்கவே கூடாது. தாமிரக் கசடு வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கில் பெட் வகையையே தேர்ந்தெடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கெடுதலும் உண்டு. மேலே ஏறிவரும் தண்ணீர் வழியில் தட்டையான செதிலின் அடியில் தங்கிவிடும். அந்தத் தண்ணீர் போனபின் அங்கே ஒரு மெல்லிய வெற்றிடம். கான்கிரீட் முதலில் விரிசல் விடுவது அங்கேதான்.

அப்போதைக்குச் செய்ய வேண்டியது, வைப்ரேட்டரைக் குறைப்பது. ஓரிடத்தில் சில வினாடிகள், மேலே வரும் பெரிய குமிழ் நின்றதும் மெதுவாக உருவிவிடுங்கள். அடுத்த கலவையில் முதலில் தண்ணீரைக் குறையுங்கள், பாறை மாவு அல்லது ஃபிளை ஆஷ் கொஞ்சம் கூட்டுங்கள், அட்மிக்சர் அளவு எல்லையைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். போடும் வரிசையும் முக்கியம். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது கடைசியில் பிளாஸ்டிக்கைத் தூவினால் அது மேலேயே சுற்றும். ஜல்லி, மணல், பிளாஸ்டிக் மூன்றையும் கொஞ்சம் தண்ணீரோடு முதலில் சுழற்றி, பிறகு சிமெண்ட், அப்புறம் மீதித் தண்ணீரும் அட்மிக்சரும் என்று போட்டால் செதிலின் மேல் பசை ஒட்டுகிறது.

கலவை நுரைக்கிறது, அல்லது கொட்டியபின் உப்பி எழுகிறது

இரண்டும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கின் வேலை. ஆனால் வேறு வேறு அழுக்கு.

நுரை என்றால் சோப்பு. பாட்டிலைக் கழுவிய சோப்பு சரியாக அலசப்படவில்லை, அல்லது ஷாம்பூ, சலவைத் திரவப் புட்டிகள் கலந்திருக்கின்றன. ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீரும் ஒரு பிடி செதிலும் போட்டு வேகமாகக் குலுக்குங்கள். நுரை உடனே அடங்காமல் நின்றால் அந்த மூட்டையை அலசாமல் பயன்படுத்தாதீர்கள். காற்று ஒரு சதவீதம் கூடினால் வலிமை ஏறக்குறைய 5 சதவீதம் குறையும்.

எவ்வளவு காற்று போயிருக்கிறது என்பதை வாளியை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். தண்ணீரால் நிரப்பி எடைபோட்டு வாளியின் கொள்ளளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு கான்கிரீட்டை நிரப்பி, கெட்டித்து, மட்டம் தட்டி எடைபோடுங்கள். கணக்குப்படி கன மீட்டருக்கு 2,350 கிலோ வர வேண்டிய கலவை 2,235 தான் வந்தால், ஏறக்குறைய 5 சதவீதம் இடத்தை வேறு ஏதோ பிடித்திருக்கிறது. அது கூடுதல் காற்று, அல்லது அளவு தவறிய பிளாஸ்டிக்.

உப்பி எழுவது அலுமினியத்தால். மூடிகளின் உள்தாள், பளபளப்பான பொட்டல உறைகள் இவற்றில் அலுமினியப் படலம் இருக்கும். சிமெண்டின் காரத்தில் அது கரைந்து ஹைட்ரஜன் வாயுவை விடும். எடை குறைந்த காற்றுத்துளைக் கட்டைகளை இதே வினையை வைத்துத்தான் வேண்டுமென்றே உப்ப வைக்கிறார்கள். நமக்கு அது வேண்டாத வேலை. கொஞ்சம் சிமெண்டைத் தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, அந்தத் தெளிநீரில் செதில்களைப் போட்டு மூடாமல் வையுங்கள். பளபளக்கும் துண்டுகளிலிருந்து மணிமணியாகக் குமிழ் கிளம்பினால் உறுதி. அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள், கழுவினாலும் போகாது.

மாலை ஆகியும் கெட்டிப்படவில்லை

குளிர்பானப் பாட்டில்களில் மிஞ்சிய சர்க்கரையை முதலில் சந்தேகப்படுங்கள். சிமெண்ட் எடையில் 0.05 சதவீதம் சர்க்கரையே கெட்டிப்படுவதைச் சுமார் 4 மணி நேரம் தள்ளிவிடும். 350 கிலோ சிமெண்டுக்கு அது வெறும் 175 கிராம். கழுவாத செதிலில் அவ்வளவு வருவது அரிதல்ல. அட்மிக்சர் அதிகமானாலும் இதே அறிகுறிதான் வரும், அதையும் சரிபாருங்கள். உடனே இடித்து எடுக்க வேண்டியதில்லை. மேலே மூடி ஈரம் காயாமல் வைத்து, சென்டரிங்கைத் தொடாமல் காத்திருங்கள். தாமதமானது பலமுறை நன்றாகவே இறுகிவிடும். அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டையை (கியூப்) உடைத்து வலிமை பார்க்காமல் மட்டும் அதன் மேல் சுமை ஏற்றாதீர்கள்.

உருண்டை உருண்டையாகத் திரள்கிறது

இழையாகவோ நீண்ட கீற்றாகவோ வெட்டிய பிளாஸ்டிக்கில்தான் இது வரும். மொத்தமாகக் கொட்டாமல், மிக்ஸர் சுழலும்போதே மணலோடு சேர்த்துத் தூவுங்கள். கீற்றின் நீளத்தைக் குறையுங்கள். அவ்வளவுதான்.

காலைக் கலவை ஒரு மாதிரி, மதியக் கலவை ஒரு மாதிரி

மணல் குவியலின் ஈரம் மாறுகிறது. பெட்டி அளவில் மணல் போடுகிறவர்களுக்கு இது இரட்டிப்புத் தொல்லை, ஏனென்றால் ஈர மணல் உப்பும். 5, 6 சதவீத ஈரத்தில் மணலின் கன அளவு 20 முதல் 30 சதவீதம்வரை கூடலாம். பெட்டி நிறைந்தாலும் உள்ளே மணல் குறைவு. எடைபோட்டுப் போடுங்கள், ஈரத்தைக் காலையிலும் மதியமும் வாணலியில் பாருங்கள்.

மேற்பரப்பில் செதில்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன

கரணையைச் சீக்கிரம் போட்டுவிட்டீர்கள். ஈரம் மினுமினுப்பாக இருக்கும்போது தேய்த்தால் கரணை செதிலைக் கிளப்பி இழுத்துவரும், பின்னால் ஒரு கோடு விழும். மினுமினுப்பு அடங்கும்வரை காத்திருந்து, மரப்பலகையால் அழுத்தி உள்ளே இறக்கிவிட்டு, பிறகு இரும்புக் கரணை போடுங்கள். நடைபாதைக் கல் மாதிரியான வேலைகளில், மேலே 10 மில்லிமீட்டருக்குப் பிளாஸ்டிக் இல்லாத கலவையை அடிக்கலவை ஈரமாக இருக்கும்போதே போட்டுவிடுவது எனக்குப் பிடித்த வழி. தேய்மானத்தில் செதில் உதிர்ந்து மண்ணுக்குப் போவதும் நிற்கிறது.

தூண், உத்திரம், தளம் போன்ற சுமை தாங்கும் இடங்களில் இந்தக் கலவையை, இளக்கம் எவ்வளவு அழகாக வந்தாலும், வடிவமைப்புப் பொறியாளர் சோதனை முடிவைப் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் போட வேண்டாம். நடைபாதைக் கல், ஓரக்கல், நிரப்புக் கான்கிரீட் இவைதான் இதற்கு ஏற்ற இடம்.

மிக்ஸர் கழுவிய தண்ணீரில் செதில்கள்

பிளாஸ்டிக்கைக் குப்பையிலிருந்து மீட்கத்தான் இத்தனை பாடும். கழுவிய தண்ணீரை வடிகாலில் விட்டால் அதே பிளாஸ்டிக்கை இன்னும் பொடியாக்கி ஆற்றுக்கு அனுப்புகிறோம். ஒரு பீப்பாயின் வாயில் நெருக்கமான துணி கட்டி அதன் வழியாக ஊற்றுங்கள். துணியில் தங்கும் செதிலை அலசி அடுத்த கலவையில் சேர்க்கலாம். வடிந்த தண்ணீரைத் தெளிய வைத்து, மேல் தண்ணீரை மிக்ஸர் கழுவவே திரும்பப் பயன்படுத்துங்கள். அடியில் படிந்த சேற்றை அங்கேயே இறுகவிட்டு உடைத்து எடுத்தால், அதில் இருக்கும் பொடியும் வெளியே போகாது.